மூன்றாவது சிலிண்டர்

"மிதி."

பொனட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும். ஆள் தெரியாது. பழைய மைனர் காரின் பொனட்டைத் தூக்கி நிறுத்தினால் அது முன்கண்ணாடி முழுவதையும் மறைத்துவிடும். உள்ளே டிரைவர் சீட்டில் நான். வெளியே, இஞ்சினுக்கு மேல் குனிந்தபடி என் வீட்டுக்காரர்.

நான் எக்சலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் பட்டனை இழுப்பேன். பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டதால் இஞ்சின் பற்றாது, வெறுமனே சுற்றும். சுற்றும்போது ஒரு மூச்சுச் சத்தம் வரும். புஸ், புஸ், புஸ். ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு அவர் கையிலிருக்கும், அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஓரிடத்தில் நின்றுவிடும்.

"ஒண்ணு. நூத்தி முப்பது."

"ஒண்ணு. நூத்தி முப்பது" என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த சிலிண்டருக்குப் போகமாட்டார். நாலும் முடிந்ததும், "போதும், காலை எடு" என்பார். அதற்கு முன்னால் எடுத்தால் ஏச்சுத்தான்.

ஆயுத பூசையன்று மற்ற வீடுகளில் வாகனத்தைக் கழுவி, திருநீறு பூசி, பொட்டு வைத்து, சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்குவார்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் பிறகு. முதலில் கொம்பிரஷன் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுக்கமாக அடைபடுகிறது என்று அளப்பதற்குத்தான் அந்தப் பெயர். "உள்ள எப்படி இருக்குன்னு தெரியாம வெளியில பொட்டு வச்சு என்ன பண்ண?" என்பது அவர் நியாயம். முந்தானையில் கிறீஸ் படாத ஆயுத பூசை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

இந்த வாரம் சொல்ல வந்தது அவரோடு இருந்த கடைசி ஆயுத பூசையைப் பற்றி. அப்போது அவருக்கு வியாதி முற்றியிருந்தது. எனக்கும் மகளுக்கும் அது தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையிலேயே தெரியாமல்தான் போனாரா என்ற கேள்வி, அவர் போன பிறகு என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

மீட்டர் வாசித்த மனிதர்

போன கிழமை குட்ஷெட் பஸ் நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் என்னை மடக்கினார். "உங்க வீட்டுக்காரர் கார் வச்சிருந்தாருன்னு முந்தி ஒருக்கா எழுதினீங்க. பிறகு ஏன் மழையில பஸ்ஸுக்கு நின்னீங்க?" நல்ல கேள்வி. கார் வைத்திருப்பதும் காரில் போவதும் ஒன்றல்ல என்பது, பழைய கார் வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்ட பெண்களுக்குத்தான் தெரியும்.

அவர் பெயர் தர்மலிங்கம். கண்டி முனிசிப்பலில் தண்ணீர் மீட்டர் வாசிக்கும் வேலை. மேட்டுத் தெருக்களில் வீடு வீடாக ஏறி, மீட்டர் மூடியைத் திறந்து, உள்ளே குடியிருக்கும் அட்டையையும் பூரானையும் தட்டிவிட்டு எண்ணைப் பார்ப்பார். "கொஞ்சம் கொறச்சுப் போடுங்க ஐயா" என்று கெஞ்சாத தெரு கிடையாது. பலகாரத் தட்டை நீட்டியவர்களும் உண்டு. பலகாரத்தைச் சாப்பிடுவார், எண்ணை மாற்றமாட்டார். எங்கள் சொந்த வீட்டு மீட்டரையே ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல் எழுதிய மனிதர். அதற்காக நான் அவரோடு பேசாமல் இருந்ததும் உண்டு.

நான் கணக்கு டீச்சர். அவருக்கும் கொஞ்சிப் பேச வராது, எனக்கும் வராது. எங்கள் வீட்டில் பேச்சில் பாதி எண்கள்தான். பாணுக்கு எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு, காய்ச்சல் எத்தனை. அதிலேயே எங்கள் அன்பும் சண்டையும் நடந்தன.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மடுல்கெல்லத் தோட்டத்துத் துரை ஒருவர் வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தக் கார் வந்தால், ரோட்டில் நடப்பவர்கள் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டுமாம். சேற்றுத் தண்ணீருக்குள் நின்றபடிதான் அவர் அந்தக் காரை முதன்முதலில் பார்த்தார்.

துரைமார் போனார்கள். கார் கைமாறிக் கைமாறி, கடைசியில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கோழி அடைகாக்கும் இடமாகிக் கிடந்தது. அப்போதுதான் இவர் போய் வாங்கினார். லொறியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது பின்சீட்டில் இரண்டு முட்டை இருந்தன. முட்டையை வைத்துக்கொண்டு காரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கேட்கவில்லை.

அதிலிருந்து, ஆயுத பூசைக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் மடுல்கெல்லைக்குப் போவது எங்கள் வழக்கம். தேயிலைக்கு நடுவில் அவருடைய அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தில் சூடம் கொளுத்திவிட்டு வருவோம். வழியில், தான் இறங்கி நின்ற அந்தக் கானுக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, யாருமில்லாத ரோட்டில் ஒரு தடவை ஹோர்ன் அடிப்பார். எதற்கென்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

நாலு எண்ணைப் படிப்பது

இதைக் கொஞ்சம் விளக்காவிட்டால் பின்னால் வருவது புரியாது. கணக்கு டீச்சர் பாடம் எடுக்கப்போகிறாள் என்று பயப்பட வேண்டாம். சுருக்கமாகவே சொல்கிறேன்.

நாலு சிலிண்டர், நாலு எண். காரோடு வந்த புத்தகத்தில் ஒரு எண் போட்டிருக்கும். அதோடு ஒப்பிடக் கூடாது. அது புது இஞ்சினுக்கு, கடல் மட்டத்தில் சொன்னது. மேலே ஏற ஏறக் காற்று மெலியும், எண்ணும் இறங்கும். ஒருமுறை கேஜை மடுல்கெல்லைக்கே கொண்டுபோய் அளந்து பார்த்தார். நாலும் கண்டியில் இருந்ததைவிடக் குறைந்திருந்தன. "மலையில எல்லாருக்கும் மூச்சு கொஞ்சம் கம்மிதான்" என்று சிரித்தார். ஒப்பிட வேண்டியது போன வருடத்து எண்ணோடும் பக்கத்துச் சிலிண்டரோடும்தான்.

"நாலும் சேந்து கொறஞ்சா அது வயசு. ஒண்ணு மட்டும் கொறஞ்சா அது வியாதி" என்பார்.

வியாதி என்று தெரிந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் போய் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால், காற்று மேலே வால்வு வழியாகத் தப்பிப் போகிறது. வால்வு வாய் சரியாக மூடவில்லை என்று அர்த்தம். என் சமையலறைக் கரண்டி ஒன்று இந்த வைத்தியத்துக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை.

ஒரு வருடம் இரண்டாவது சிலிண்டர் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் என்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன். அவர் மறுநாளே இஞ்சினின் மேல்பாகத்தை, ஹெட் என்பார்களே, அதைக் கழற்றி எடுத்து, சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்துப் பரப்பிவிட்டார். சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், வால்வை அரைத்து உட்கார வைக்க வேண்டும் என்று, ஆயுத பூசைக்குக் கழற்றியது சித்திரை வருசம் கழிந்த பிறகுதான் மறுபடி ஓடியது. அத்தனை மாதமும் கதிரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மழையில் பஸ்ஸுக்கு நின்றதும் அப்போதுதான். வாசகிக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அந்த வருடம் மடுல்கெல்லப் பயணமும் இல்லை. "ஒரு நாளைக்கு மெதுவா ஓட்டிட்டுப் போய் வந்திருவோமே" என்று கேட்டுப் பார்த்தேன். "சரியில்லாத வண்டியில மல ஏறக் கூடாது. அடுத்த வருசம் போவோம்" என்றார். அவர் அப்படித்தான். அடுத்த வருடம் என்ற ஒன்று இருக்கும்வரை எதையும் அவசரமாகச் செய்யமாட்டார்.

நிறை பார்க்க அனுப்பினார்கள்

அந்தக் கடைசி ஆயுத பூசைக்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரியில் டொக்டர் என் வீட்டுக்காரருடைய ரிப்போட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். நிறை பார்த்துவிட்டு வரச் சொல்லி நர்ஸோடு வெளியே அனுப்பினார். குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு நோயாளியை மட்டும் நிறை பார்க்க அனுப்பினால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

கதவு மூடியதும் டொக்டர் சொன்னார். ஈரலில். மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. அவுருது தாண்டுவது கஷ்டம் என்றார் சிங்களத்தில். அவர்களுக்கு அவுருது என்றால் நமக்குச் சித்திரை.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்டச் சொல்லிராதீங்கம்மா" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். நம்மில் யார் வீட்டில் சொல்கிறார்கள்? ஊருக்கெல்லாம் சொல்லுவோம், படுத்திருப்பவருக்கு மட்டும் சொல்லமாட்டோம். அதற்காக இங்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அந்தக் கதவு இன்னொரு தடவை மூடினாலும் அதையேதான் செய்வேன். அந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

அவர் திரும்பி வந்தார்.

"என்னவாம்?"

"ஈரல்ல கொஞ்சம் வீக்கமாம். மாத்திரையில சரியாயிருமாம்."

"ரிப்போட்டு?"

"நல்லாத்தான் வந்திருக்காம்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப வா, கென்டீன்ல ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

ரெண்டு ரிப்போட்டும்

ஆயுத பூசை வந்தபோது சட்டை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. சோறு பாதித் தட்டில் நின்றுவிடும். இந்த வருடம் காருக்கு வெறும் பொட்டு மட்டும் வைப்போமே என்றேன். "அளக்காமயா? மடுல்கெல்ல போகணும்ல" என்றார்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவருடைய கேஜ் திருகி மாட்டும் வகையல்ல; ரப்பர் முனையைப் பிளக் துவாரத்தில் வைத்துக் கையால் பலமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் காற்று கசிந்து எண் குறைந்துவிடும். அவர் கையில் பலமில்லை. நல்ல இஞ்சினையே கெட்டது என்று காட்டிவிடுமோ, போக முடியாது என்று மனம் உடைந்துவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

"மிதி."

மிதித்தேன். இழுத்தேன்.

"ஒண்ணு. நூத்தி முப்பது."

"ஒண்ணு. நூத்தி முப்பது."

"ரெண்டு. நூத்தி இருபத்தொம்பது."

"ரெண்டு. நூத்தி இருபத்தொம்பது."

மூன்றாவதற்குச் சத்தம் இல்லை.

"என்னங்க?"

"கை வழுக்குது. இன்னொருக்கா இழு."

இழுத்தேன். புஸ், புஸ் என்றது. பிறகு குரல் வந்தது.

"மூணு. நூத்தி இருபத்தெட்டு."

திருப்பிச் சொன்னேன். நாலாவதும் நூற்றி முப்பது.

"போதும், காலை எடு."

பொனட்டை இறக்கிவிட்டுத் துணியில் கையைத் துடைத்தபடி என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை. சிரித்தார்.

"ரெண்டு ரிப்போட்டும் நல்லா வந்திருச்சு. ஞாயித்துக்கெழம போயிருவோம்."

நான் குசினிக்குப் போய்ச் சுண்டல் சட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை நம்பிவிட்டார், அந்த நிம்மதியோடு இருக்கிறார் என்ற ஆறுதலில் வந்த அழுகை அது.

பின்னேரம் பார்த்தால் மறுபடியும் பொனட்டுக்குள் குனிந்திருந்தார். கையில் மெல்லிய இரும்புத் தகடுகள்.

"இப்ப என்னத்த நோண்டுறீங்க?"

"டெப்பட் பாக்குறேன். சும்மா."

வால்வைத் தட்டித் திறக்கும் உறுப்புத்தான் டெப்பட். அதற்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும். அந்த இடைவெளியை அவர் எந்த மெக்கானிக் கையிலும் விட்டதில்லை. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பன்விலவுக்கு மேலே

கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலேயே கார் ஒரு மாதிரி உதறியது. "என்னங்க இது?" என்றேன். "பிளக்கு" என்றார். வத்தேகம வரும்போது உள்ளேயிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தமும் கேட்டது. "அது சத்தம் மட்டுந்தான். கேக்காத மாதிரி இரு" என்றார்.

பன்வில தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முதல் கியரில்தான் போனோம். சாமான் ஏற்றிய த்ரீவீல் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. மற்ற நாளென்றால் அதற்கே ரோசப்பட்டிருப்பார். அன்று வழிவிட்டார். ஒரு வளைவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி வர, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் நிறுத்தித் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். அவர் மதகுக் கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"திரும்பிருவோமா? இன்னொரு நாளைக்கு வரலாம்."

"போறதுக்குத் தாங்கினாப் போதும். வரும்போது எறக்கந்தானே."

அந்தக் கான் இருக்கும் இடம் வந்தது. ஹோர்ன் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, காரைச் சுற்றிப் போய், அந்தக் கானுக்குள் இறங்கி நின்றார். அங்கே நின்றபடி காரைப் பார்த்தார்.

"என்னங்க இது, சேறு. ஏறி வாங்க."

"இரு. இங்கயிருந்து ஒருக்காப் பாக்கணும்னு இருந்துச்சு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ அதுல உக்காந்திருக்கிறது நல்லாத்தான் இருக்கு."

அவர் வாழ்நாளில் என்னைப் பார்த்துச் சொன்ன அழகு வார்த்தை அது ஒன்றுதான். நான் வெட்கப்பட்டு, செருப்பைத் தட்டிவிட்டு ஏறச் சொன்னேன். மற்ற நாளில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் காருக்குள் கால் வைக்கமாட்டார். அன்று சிவப்புச் சேற்றோடு அப்படியே ஏறினார். மேலே, அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தில், காற்றில் சூடம் அணைந்து அணைந்து போனது. நான் சேலையை மறைப்பாகப் பிடிக்க, அது எரிந்து முடியும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார்.

மாசி முடிவதற்குள் போய்விட்டார். கடைசி நாட்களில்கூட என்ன வியாதி என்று கேட்கவில்லை. பாவம், ஒன்றும் தெரியாமலே போய்விட்டார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். தெரியாமல் போனது நல்லது என்றார்கள் சிலர். அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டுமோ என்று மகள் கேட்டாள்.

கடுகண்ணாவைக்காரர்

வருசத் திவசம் கழிந்த பிறகு, காரை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று மகள் ஆரம்பித்தாள். கல்யாணங்களுக்குப் பழைய கார்களை அலங்கரித்து வாடகைக்கு விடும் ஒருவர் கடுகண்ணாவையில் இருக்கிறார். அவர் தொலைபேசியில் முதலில் கேட்டதே கொம்பிரஷன் எவ்வளவு என்றுதான். நான் படபடவென்று நாலு எண்ணையும் ஒப்பித்தேன். "பாத்தது என் வீட்டுக்காரர். அவர் பாத்தா பாத்ததுதான்" என்று பெருமையாகவும் சொன்னேன். இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார்.

நிசாமைக் கூப்பிட்டேன். டவுனில் கராஜ் வைத்திருப்பவர், என் வீட்டுக்காரருக்கு நெருங்கிய கூட்டாளி. புது பெட்டரியும் திருகி மாட்டும் கேஜும் கொண்டுவந்தார். டிரைவர் சீட்டில் ஏறினேன். காலுக்குக் கீழே விரிப்பில் அந்தச் சிவப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பொனட் எழுந்து முன்னால் மறைத்தது.

"ஒண்டு, நூத்தி இருபத்திரெண்டு" என்றார் நிசாம்.

"ஒண்ணு. நூத்தி இருபத்திரெண்டு."

"ஏன் டீச்சர், திருப்பிச் சொல்றீங்க?"

"அப்பத்தான் அடுத்ததுக்குப் போகலாம்."

இரண்டாவது நூற்றி இருபது. மூன்றாவதற்குச் சத்தம் இல்லை. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். இழுத்தேன்.

"சொல்லுங்க நிசாம்."

"மூண்டு... நாப்பது, டீச்சர்."

என்னால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. நாலாவது சரியாக இருந்தது. ஒன்று மட்டும் குறைந்தால் வியாதி. உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்துவந்து கொடுத்தேன். எண்ணெய் விட்டும் முள் ஏறவில்லை. வால்வு என்று நிசாம் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன்.

"சும்மா நின்ன வண்டிதானே. துருப் புடிச்சிருக்கும்" என்றும் சொன்னேன்.

"ஈக்கும். கழட்டித்தான் பாக்கணும்" என்றார். இருக்கும் என்பது நிசாம் வாயில் ஈக்கும்.

நிசாம் நீட்டிய வால்வு

ஹெட்டைக் கழற்றி, துணியில் வைத்து அந்த வால்வை என்னிடம் நீட்டினார். எலி கடித்த ரொட்டியைப் போல ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. எரிந்து போயிருந்தது.

"நிண்ட வண்டியில வால்வு எரியாது டீச்சர். ஓடித்தான் எரியும்."

"மடுல்கெல்லைக்குப் போனோமே. அந்த ஏத்தத்துல எரிஞ்சிருக்கும்."

அவசரமாகத்தான் சொன்னேன். பயணத்தில் எரிந்தது என்றால், அதற்கு முன்னால் அவர் சொன்ன எண் உண்மை. அந்த எண்ணை உண்மையாக வைத்துக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை.

நிசாம் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. "உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

"ஹெட்டக் கழட்ட முந்தி டெப்பட்டெல்லாம் அளந்து பாத்தேன். மத்த ஏழும் அச்சொட்டா ஈக்கி. இந்த வால்வுக்கு மட்டும் இடைவெளி கூட. ரெண்டு மடங்கு வரும்."

"தானா லூசாகியிருக்கும்."

"நட்டு இறுக்கமாத்தான் ஈந்திச்சி. தர்மலிங்கம் சேர்ட கை எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வெச்சீக்காரு. வால்வு மூடாட்டி இப்பிடி கூட வெப்போம், கொஞ்சத் தூரம் ஓடுறதுக்கு. டிக் டிக்னு சத்தம் வரும். அது வைத்தியமில்ல டீச்சர். தள்ளிப்போடுற வேல."

டெப்பட் பாக்குறேன், சும்மா. மடுல்கெல்லைக்குப் போவதற்கு முன்னால், எண்களை அளந்த அந்தப் பின்னேரமே அவர் அப்படித்தான் சொன்னார். பயணம் முழுக்க அந்த டிக் டிக் எங்களோடுதான் வந்தது.

எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எனக்கு நேரமெடுத்தது. அன்றைக்கே மூன்றாவது சிலிண்டர் போய்விட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். எண்ணை மாற்றிச் சொன்னார். பலகாரத்துக்கும் மாற்றாத, பெண்டாட்டிக்கும் மாற்றாத மனிதர் மாற்றிச் சொன்னார். நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தால் மறுநாளே ஹெட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருப்பார். சித்திரைக்குப் பிறகு ஓட்டலாம், அடுத்த வருடம் போகலாம் என்றிருப்பார். கழற்றவில்லை. ஏனென்றால் சித்திரை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். வாழ்க்கை முழுக்க மூடியைத் திறந்து எண்ணைப் படித்தவர். ஆஸ்பத்திரியில் என் முகத்தில் படித்திருப்பார்.

ரெண்டு ரிப்போட்டும் நல்லா வந்திருச்சு என்றாரே. இரண்டுமே பொய் என்று தெரிந்துகொண்டுதான், வேர்வையைத் துடைத்தபடி என் ஜன்னலுக்கு வந்து சிரித்தார். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று சிரித்திருக்கிறார். அழுவதற்கு எனக்கு மகள் இருந்தாள். ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதோம். அவருக்கு யார் இருந்தார்கள்? அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

காலை எடு

கடுகண்ணாவைக்காரருக்கு உண்மையான எண்களைச் சொல்லி அனுப்பினேன். நிசாம் வால்வு மாற்றிக் கொடுத்த பிறகு அந்தக் கடுகண்ணாவைக்காரர் வந்து காரை எடுத்துப் போனார். இப்போது எந்த ஊரிலோ, யாரோ ஒரு மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். காரைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் வால்வைப் பார்த்த அன்று வேறொன்று நடந்தது. அதை மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

"அஸர் தொழுதிட்டு வாறேன் டீச்சர்" என்று நிசாம் போய்விட்டார். பொனட் தூக்கியபடியே நின்றது. நான் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஹெட் இல்லாத இஞ்சின் அது. மிதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் காய்ந்த சேற்றின் மேல் காலை ஊன்றி, எக்சலேட்டரைத் தரையோடு மிதித்தேன். முன்னால் பொனட் மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

"மூணு. நாப்பது" என்றேன். அவர் சொல்லாமல் விட்டது அது.

பிறகு நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"சித்திரை தாண்டாதுன்னு சொன்னாங்க."

போதும், காலை எடு என்று சொல்ல அங்கே ஆளில்லை. நிசாம் திரும்பி வரும்வரை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.